ஊடாக என்றொரு வரி

"ஊடாக" என்று கரும்பலகையில் எழுதி அதன் கீழே இரண்டு கோடு இழுத்தாள் பிரேமிளா. இழுத்த இழுவையில் வெண்கட்டி முறிந்து முன்வாங்கில் போய் விழுந்தது. பத்தாம் வகுப்பு, வணிகப் பாடம், வியாழக்கிழமை ஐந்தாம் பாடவேளை. பிள்ளைகளின் வயிறு கூப்பிடத் தொடங்கி, கண்கள் மணிக்கூட்டிலேயே குடியிருந்த நேரம்.

"அரிசி ஆலையைப் போய்ப் பாக்க எங்கட வகுப்புக்கு அனுமதி வேணும். ஆலை முகாமையாளருக்குக் கடிதம் எழுதுறம். அனுப்புறவர் முகவரி எழுதியாச்சு. திகதி போட்டாச்சு. இனிப் பெறுநர் பேருக்கு முன்னால இந்த வரி. ‘அதிபர் ஊடாக.’ இது இல்லாமல் ஒரு கடிதமும் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியில போகக்கூடாது. மறந்தால் ரெண்டு புள்ளி வெட்டுவன்."

நிரோஜா எழும்பினாள். வகுப்பில் எழுத்தும் வாயும் அவளுக்குத்தான் கூட.

"ரீச்சர், அந்த ஆலை முகாமையாளர் என்ர மாமா. ஒவ்வொரு நாளும் எங்கட வீட்டதான் சாப்பிடுறவர். வாயால கேட்டால் காணும்தானே?"

வகுப்பு சிரித்தது. பிரேமிளாவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மாமா எண்டாலும் ஊடாகத்தான்."

"அவசரம் எண்டாலுமோ ரீச்சர்?"

"அவசரம் எண்டால்தான் கட்டாயம். அவசரத்திலதான் ஆக்கள் ஒழுங்கை மறக்கிறது."

இதை அவள் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பட்டுத் தெளிந்து சொன்னாள். அப்பா பழனியாண்டி எழுபத்தேழுக் கலவரத்தில், ஒன்பது வயதில், தாய் தகப்பனோடு தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு லொறியில் ஏறிவந்து பதினெட்டாம் கட்டை என்ற இந்த ஊரில் இறங்கியவர். காடு வெட்டிக் கிணறு தோண்டி முப்பது வருடம் இருந்த காணிக்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. போர் முடிந்து அகதி முகாமிலிருந்து ஊர் திரும்பிய ஆண்டு, இருபது வயதில், அவள்தான் காணி அனுமதிப்பத்திரம் கேட்டு எழுதினாள். கடிதம் இரண்டு தரம் திரும்பி வந்தது. உரிய வழியாக வரவில்லையாம். மூன்றாம் தரம் கிராம அலுவலர் ஊடாக, பிரதேச செயலாளர் ஊடாக என்று போட்டாள். நாலு வருடத்தில் பத்திரம் வந்தது. அன்றைக்குப் பிடித்த பிடிதான். குலதெய்வத்துக்குக்கூட அவள் அவ்வளவு பயந்ததில்லை.

மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. அம்மா. பாடநேரத்தில் போன் எடுக்கக் கூடாது என்பது இன்னொரு ஒழுங்கு. சிறுநீரக வருத்தத்தில் அப்பாவுக்கு மூன்று நாளாகக் கால் வீங்கிக் கிடந்ததால் அதை மட்டும் மீறினாள்.

"அப்பா கூப்புட்டா முழிக்க மாட்டேங்குறாரு தாயி" என்றாள் மீனம்மா.

பிள்ளைகளைக் கடிதத்தை முடிக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அப்படியே ஓடியிருக்கலாம். ஓடவில்லை. கந்தோருக்குப் போய்க் குறுகிய விடுமுறைப் படிவத்தை எடுத்து, பெயர், பதவி, நேரம் எல்லாம் நிரப்பி, அதிபர் மேல்மாடி வகுப்பிலிருந்து இறங்கி வரும்வரை நின்று, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் ஸ்கூட்டியை எடுத்தாள். காரணம் என்ற இடத்தில் ‘தந்தைக்குச் சுகவீனம்’ என்று எழுதியிருந்தாள். எழுத்து அழகாகவே இருந்தது.

வீட்டுப் படலைக்குள் ஸ்கூட்டி நுழையும்போதே அயல் பெண்கள் முற்றத்தில் நின்றார்கள். யாரோ அப்பாவின் கண்ணை மூடியிருந்தார்கள். நாடிக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியாகிவிட்டது.

"இப்பத்தான் தாயி" என்றாள் மீனம்மா. "பத்து நிமிசம்கூட இருக்காது. உன்னக் காணமேன்னு வாசலப் பார்த்த மாதிரி இருந்துச்சு."

பத்து நிமிடம். அதிபருக்காக அவள் நின்றது பன்னிரண்டு நிமிடம். இதை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அழுது ஓய்ந்து அம்மா நிமிர்ந்தபோது கேட்டது ஒன்றுதான். "ரூபன் வருவானா?"

ரூபன் அவளுக்கு ஒரே தம்பி, அந்த வீட்டுக்கு ஒரே ஆண்பிள்ளை. பத்திரம் இல்லாமல் மணல் ஏற்றின டிரக்டரைப் பொலிஸ் மறித்தபோது நிற்காமல் ஓட்டி, ஒரு பொலிஸ்காரரின் காலை உடைத்துவிட்டு, இரண்டு வருடத் தண்டனையில் எட்டு மாதத்தைக் கழித்திருந்தான். சிறைச்சாலை மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருந்தது. "அந்தாளு காலு என்ன கரும்பா, இவன் ஒடைக்க? என் மூஞ்சில முழிக்க வேணாம்னு சொல்லு" என்ற அப்பா ஒரு தடவையும் அவனைப் பார்க்கப் போகவில்லை. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை பிரேமிளா போய்த் திரும்பும்போது படலையடியில் நிற்பார். "அங்க பிளேன்ரீ குடுப்பாங்களா?" என்று கேட்பார். "குடுப்பினம் அப்பா" என்பாள். "சீனி போட்டா?" என்பார். அதற்கு மேல் கதை இருக்காது.

பின்னேரம் மரணச் சங்கத் தலைவர் சிற்றம்பலம் வந்து கதிரையில் இருந்து நேரம் குறித்தார். ஊரில் செத்தவர்களை எல்லாம் சரியான நேரத்துக்கு அனுப்பிவைத்தவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

"நாளைக்கே எடுக்கவேணும் பிள்ளை. சனிப்பிணம் தனிப்போகாது. ஞாயிறு மட்டும் வச்சிருந்தாலும் கந்தோர் பூட்டு, திங்கள் போயா லீவு. வெள்ளி தப்பினால் உம்மட தம்பிக்கு அனுமதி கேக்கச் செவ்வாய்தான். அதுமட்டும் மனிசனை இப்பிடிக் கிடத்தி வைக்கேலுமே?"

"எத்தினை மணிக்கு ஐயா?"

"மூண்டுக்குத் தூக்குவம். மிஞ்சினால் நாலு. அஞ்சுக்குப் பிறகு சுடலைப்பக்கம் ஆனை இறங்கும். போன மாசம் அரைவாசி எரிய முதல் எல்லாரும் விழுந்தடிச்சு ஓடிவந்ததை மறந்து போனீரே?"

யாரும் மறக்கவில்லை. மீனம்மா தலையை நிமிர்த்தினாள். "பெத்த மகன் உசிரோட இருக்கயில வேறொருத்தன் கொள்ளி வெக்கிறதாய்யா?" என்றாள். சிற்றம்பலம் சால்வையை உதறித் தோளில் போட்டார். சித்தப்பா மகன் தர்சனை ஒருக்கால் பார்த்தார். தர்சன் நிலத்தைப் பார்த்தான்.

சிறைச்சாலைக்குப் போன் எடுத்துக் கேட்டாள் பிரேமிளா. தமிழ் தெரிந்த ஒரு அலுவலர் பொறுமையாகச் சொன்னார்: குடும்பத்திலிருந்து ஒரு கோரிக்கைக் கடிதம், அதில் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், வைத்தியரின் மரணத் துண்டு. அவ்வளவுதான், நாளைக்குக் காலமை கொண்டுவாருங்கோ என்றார். அவ்வளவுதான் என்ற சொல் அவளுக்கு எப்படியோ காதில் ஏறவில்லை. மேசையில் இருந்து, கோடில்லாத தாளில், வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போலவே எழுதினாள். அனுப்புனர், திகதி, பெறுநர், விடயம், இணைப்பு எல்லாம் இருந்தன. பெறுநருக்கு மேலே கை தன்பாட்டில் எழுதியது: கிராம அலுவலர் ஊடாக, பிரதேச செயலாளர் ஊடாக.

கிராம அலுவலர் செல்வநாயகம் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பழைய பதவிப் பெயரில், ஊருக்கு இன்னும் அவர் விதானையார்தான். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. "இப்பிடி ஒரு கடிதம் எங்கட கந்தோரில ஒருத்தருக்கும் எழுதத் தெரியாது ரீச்சர்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அந்த நேரத்திலும் அவளுக்கு உள்ளே ஒரு சின்னப் பெருமை எழும்பியது. பிறகு அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடியவே கணவன் ரஜிதன் கடிதத்தோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டான். முற்றத்தில் கொட்டகை போட்டார்கள். தப்பு அடிப்பவர்கள் வந்து வைக்கோல் மூட்டித் தோல் காய்ச்சினார்கள். ஒன்பதரைக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"பிரேமி, கடிதத்தைத் திருப்பித் தந்திட்டினம்."

"ஏன்?"

"பிரதேச செயலாளர் ஊடாக எண்டு எழுதிக் கிடக்காம். அவற்ற கையெழுத்து எங்கயெண்டு கேக்கினம்."

"நேற்று அந்த அலுவலர் அதைக் கேக்கேல்லையே."

"அதைத்தான் நானும் சொன்னனான். நாங்கள் கேக்கேல்லைத்தான், நீங்களாப் போட்டிருக்கிறியள், போட்டபடியால் அது இல்லாமல் இந்தக் கடிதம் அரைகுறை எண்டு சொல்லுறார். அந்த வரி இல்லாமல் வந்திருந்தால் இவ்வளவுக்கும் எடுத்திருப்பனெண்டும் அவரே சொல்லுறார். நல்ல மனிசன்தான். ஆனா பைலுக்குப் பயம்."

அடுப்பு மூட்டாத குசினி வாசலில் அவள் அப்படியே குந்திவிட்டாள்.

"நீர் கேக்கிறீரே?"

"ஓம். நிண்டுகொள்ளுங்கோ. ஏதும் செய்யிறன்."

குந்தியபடியே பிரதேச செயலகத்துக்கு எடுத்தாள். செயலாளர் மாவட்டக் கூட்டத்தில் இருக்கிறார், வர மூன்று மணியாகும், உதவிச் செயலாளர் லீவு என்றாள் அங்கே இருந்த பெண். மூன்று மணிக்குக் கையெழுத்து, அதற்குப் பிறகு மூன்று மணித்தியாலப் பயணம். அதற்குள் ஆனைகூடச் சுடலைக்கு வந்துவிடும். கேளாத வரியை வலியப் போட்டுத் தம்பியின் காலில் தானே கட்டை கட்டியிருக்கிறாள். அம்மாவுக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாள்?

பத்து மணிக்கு விதானையார் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு மரணவீட்டுக்கு வந்தார். அவர் பின்னாலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் பள்ளிக்கூட உடுப்போடு இரண்டு வரிசையில் வந்தார்கள். அதிபர் அனுமதித்து அனுப்பியிருந்தார். நிரோஜா கையில் அஞ்சலிப் பத்திரம் எழுதிய பெரிய தாளும், மிஞ்சின வெற்றுத் தாள்களும் சுருட்டாக இருந்தன. ரீச்சர் அழுவா என்று நினைத்து வந்த பிள்ளைகள், ரீச்சர் விதானையாரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் குசினிப் பக்கம் கூட்டிப்போவதைப் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

அவள் நடந்ததைச் சொன்னாள். "வேற கடிதம் எழுதுறன் ஐயா. அந்த வரி இல்லாமல். நீங்கள் கையெழுத்து வச்சால் படம் பிடிச்சு அனுப்புவன். அங்க நிக்கிற என்ர மனிசன் அச்செடுத்துக் குடுப்பார்."

செல்வநாயகத்தின் முகம் மாறியது. "அதெப்பிடி ரீச்சர்? நேற்றுச் செயலாளர் ஊடாக எண்டு வச்ச கையெழுத்து என்ரதான். இண்டைக்கு அவரை வெட்டிப்போட்டு நேர அனுப்பினால்? ரெண்டு கடிதமும் ஒரு பைலில கிடக்கும். நாளைக்கு என்னட்ட விளக்கம் கேப்பினம்."

"என்ர பிழையெண்டு சொல்லுங்கோ."

"பிழை உங்கடதா இருக்கலாம், முத்திரை என்ரயெல்லே? முப்பத்திமூண்டு வருசம். மேலிடத்தை ஒருக்காலும் தாண்டினதில்லை. உங்களுக்குத் தெரியாததே? நீங்களே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனீங்கள்."

அவரைக் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. அவர் சொன்னது அவ்வளவும் நேற்று ஐந்தாம் பாடவேளையில் அவள் சொன்னதுதான். மற்ற எவர் தடுத்தாலும் காலில் விழுந்திருப்பாள். தன் பாடமே தன் முன்னால் வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும்போது யார் காலில் விழுவது?

"எழுதியெண்டாலும் வைக்கிறன் ஐயா" என்றாள். "நீங்கள் யோசியுங்கோ."

நிரோஜாவிடமிருந்து ஒரு தாளை வாங்கினாள். பெயரை எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்து புழுவாக நெளிந்தது. அதைக் கசக்கிவிட்டு, "நீ எழுது" என்று நிரோஜாவிடம் பேனையைக் கொடுத்தாள். நிரோஜா ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்து மேசையாக்கி முழங்காலில் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். அப்பால் தப்பு முழங்கிக்கொண்டிருந்தது.

அனுப்புனர் முகவரி சொன்னாள். திகதி சொன்னாள். நிரோஜா திகதியை எழுதிவிட்டுப் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"ரீச்சர், ஊடாக?"

பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்."

"ரெண்டு புள்ளி..." என்று பின்னாலிருந்து ஒரு குரல் வாய்தவறிச் சொல்ல, பக்கத்தில் நின்றவள் அவன் கையில் கிள்ளினாள்.

"என்ன ரெண்டு புள்ளி?" என்று கேட்டார் செல்வநாயகம்.

"அந்த வரி போடாட்டி ரீச்சர் ரெண்டு புள்ளி வெட்டுறவா ஐயா" என்றாள் நிரோஜா. அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

செல்வநாயகம் பிரேமிளாவைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வசனத்தைச் சொன்னாள். "பெறுநர், சிறைச்சாலை அத்தியட்சகர். விடயம், தந்தையின் இறுதிக் கிரியையில் பங்குபற்ற மகனுக்கு அனுமதி கோரல். அடுத்த வரி. எனது தந்தை காலஞ்சென்ற..."

அதோடு நின்றுவிட்டாள். நேற்று இதே சொல்லை எழுதியிருந்தாள். எழுதும்போது அது ஒரு கடிதச் சொல்லாக மட்டும் இருந்தது. வாயால் சொன்னது இப்போதுதான். அப்பா இல்லை என்று அவளுக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. பிள்ளைகள் முன்னால் அழுதாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்து அழுதாள். நிரோஜா பேனையைத் தாளில் வைக்காமல் காத்திருந்தாள். ஒருவரும் ஆறுதல் சொல்ல வரவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

"பழனியாண்டி" என்றாள் கொஞ்சம் கழித்து. "எழுது. காலஞ்சென்ற பழனியாண்டி அவர்களின்..."

கடிதம் முடியும்போது செல்வநாயகத்தைக் காணவில்லை. நழுவிவிட்டார் என்று நினைத்தாள். எட்டிப் பார்த்தால் கொட்டகைக்குள் அப்பாவின் தலைமாட்டில் கைகளைப் பின்னால் கட்டியபடி நின்றார். காணிப் பத்திரத்துக்கு விசாரணை எழுத வந்தவரும் அவர்தான். அன்றைக்கு அப்பா செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. அவருக்கு நினைவிருந்ததோ என்னவோ. திரும்பி வந்தவர் தோள்பையைத் திறந்து முத்திரையை எடுத்து, அதன் முகத்தில் வாயால் ஊதினார்.

"எனக்கும் ரெண்டு புள்ளி வெட்டட்டும்" என்றார்.

கையெழுத்து நேற்றைக்கு வைத்ததை விடச் சின்னதாக இருந்தது. அவர் பயம் தீர்ந்து வைக்கவில்லை, பயந்துகொண்டேதான் வைத்தார் என்பது பிரேமிளாவுக்குத் தெரிந்தது. கும்பிட்டாள். அவர் கையை அசைத்துத் தடுத்தார்.

படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் போகவில்லை. ஊருக்குள் சிக்னல் வந்து போகும் விருந்தாளி. போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வாய்க்கால் வரம்பு வரைக்கும் ஓடினாள். மரணவீட்டுக்காரி தலைவிரி கோலமாக வரம்பில் ஓடுவதைப் பார்த்து ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். படம் போனது. பதினொன்றரைக்கு ரஜிதன் எடுத்தான். "கடிதத்தை எடுத்திட்டினம். இப்ப வாகனமும் காவலுக்கு ஆக்களும் தேடுகினம்." பன்னிரண்டரைக்கு மறுபடியும். "இன்னும் வாகனம் வரேல்லை." ஒன்றேகாலுக்கு, "வெளிக்கிட்டாச்சு பிரேமி, நான் பின்னால வாறன்."

ஒன்றேகாலோடு மூன்றைக் கூட்டினால் நாலேகால். அவள் விரல் மடித்து எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். எப்படி எண்ணினாலும் நாலேகால்தான் வந்தது.

மூன்று மணிக்குச் சிற்றம்பலம் எழும்பினார். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, திருநீறு பூசிப் பழனியாண்டியைப் பாடையில் வைத்தார்கள். பெண்கள் மாரடித்து அழுதார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். தர்சன் மீசை மழித்து, கிணற்றடியில் குளித்து, ஈரவேட்டியோடு வந்து நின்றான். அவனைப் பார்க்க மீனம்மா முகத்தை மூடிக்கொண்டாள். அவன் என்ன செய்வான் பாவம், அவனுக்கும் அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாகத்தான் இருந்தது.

"ஐயா, வந்துகொண்டிருக்கினம். வழியில நிக்கினம்" என்றாள் பிரேமிளா.

"நாலு மணி, பிள்ளை. நான் சொன்ன சொல்லு அதுதான். நாப்பது சனத்தை ஆனைக்குக் குடுக்கேலாது."

ரஜிதனின் போன் எடுபடவில்லை. மூன்றே முக்காலுக்கும் எடுபடவில்லை. சுடலைக்குப் பெண்கள் போவதில்லை. ஆகவே ரூபன் பிந்தி வந்து சுடலையில் நின்றாலும் அம்மாவின் கண்ணுக்கு முன்னால் இது நடக்காது. நாலாக ஐந்து நிமிடம் இருக்கையில் ஊர்க்காரர்கள் பாடைக் கம்பில் கை வைத்தார்கள். கொள்ளிச்சட்டியில் தணல் அள்ளிப் போட்டு, உறியில் வைத்துத் தர்சனிடம் நீட்டினார்கள். தர்சன் வாங்கவில்லை. ரோட்டைப் பார்த்தான். "வேட்டி இன்னும் காயேல்லை பெரியையா" என்றான் சிற்றம்பலத்திடம்.

"வேட்டி காயிறதுக்கும் இதுக்கும் என்னடா?"

"குளிருது" என்றான். ஏப்ரல் மாத வெயில் கொட்டகைக் கூரைக் கிடுகின் ஓட்டைகள் வழியாக அவன் தோளில் விழுந்துகொண்டிருந்தது. "ஒரு பத்து நிமிசம்."

சிற்றம்பலம் அவனைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். கம்பில் கைவைத்தவர்கள் கையை எடுத்தார்கள். பத்து நிமிடம் கடந்தும் அவர் அவசரப்படுத்தவில்லை. தணல் வெள்ளைச் சாம்பல் பூத்தது. யாரோ ஒருவர் இருமினார். பிரேமிளா தர்சனின் முகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தாள்.

நாலு இருபதுக்கு மண்ணிறச் சிறைச்சாலை வான் ஒன்று குழி தப்பித் தப்பி வீட்டுக்கு வரும் ஒழுங்கைக்குள் வந்தது. தப்புக்காரர்கள் தாங்களாக நிறுத்திவிட்டார்கள்.

ரூபன் இறங்கினான். ரஜிதன் கையோடு கொண்டுபோய்க் கொடுத்த நீலச் சேட்டைப் போட்டிருந்தான், அது அவன் தோளுக்குப் பெரிதாக இருந்தது. வலது கையில் விலங்கு. அதன் மற்றப் பக்கம் நடுவயதான ஒரு சிறைக்காவலரின் இடது கையில் பூட்டியிருந்தது. இன்னொருவர் தோளில் துவக்கோடு படலையடியில் நின்றுகொண்டார்.

மீனம்மா எழும்பி அந்த விலங்கைத் தொட்டாள். "இத ஒரு நிமிசம் கழட்ட மாட்டீங்களாய்யா?"

"சாவி இல்ல அம்மா" என்றார் காவலர், தெரிந்த தமிழில். "சாவி அங்க ஜெயில்ல."

பாடையருகில் வந்ததும் காவலர் குனிந்து தன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தார். ஒரு கையால் முடியவில்லை. அவர் குனிய ரூபனும் சேர்ந்து குனிய வேண்டியிருந்தது. தர்சன் ஈரவேட்டியோடு மண்ணில் குந்தி அவருடைய சப்பாத்தைக் கழற்றிவிட்டான். இருவரும் வெறுங்காலோடு பழனியாண்டியைச் சுற்றி வந்தார்கள். காவலர் தன் தொப்பியையும் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பிரேமிளா அரிசித் தட்டை நீட்டினாள். ரூபன் வலது கையால் அள்ளினான். அந்தக் கை அப்பாவின் வாயை நோக்கிப் போகும்போது காவலரின் கையும் கூடவே போனது. அவர் தன் விரல்களைச் சட்டென்று மடக்கிக்கொண்டார், செத்தவர் முகத்தில் பட்டுவிடாமல். பாதி அரிசி காவலரின் மடக்கிய கையில் சிந்தியது. மூன்று தரம் அப்படித்தான் போட்டான். அவன் அழவில்லை. அப்பாவின் முகத்தை இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றான். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் முழித்திருக்கிறான், அது கோபமும் படவில்லை, பிளேன்ரீயைப் பற்றியும் கேட்கவில்லை. பிரேமிளாவுக்கு அவன் தலையைத் தடவ வேண்டும் போலிருந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தூக்குங்கோ" என்றார் சிற்றம்பலம்.

ரூபன் இடது கையில் கொள்ளிச்சட்டியை வாங்கினான். தப்பு மறுபடியும் அதிர்ந்தது. பாடை எழுந்து ஒழுங்கையில் திரும்பியது. முன்னால் ரூபன், அவனோடு கால் சேர்த்து வெறுங்காலில் அந்தக் காவலர். துவக்குக்காரர் பின்னால் போனார். புழுதிக்குள் கொஞ்ச நேரம் நீலச் சேட்டுத் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

முற்றத்தில் பெண்கள் மட்டும் மிஞ்சினார்கள். யாரோ தண்ணீர் தெளித்துக் கழுவத் தொடங்கினார்கள். மீனம்மா படலைக் கப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சுடலையிலருந்து அவன அப்படியே கூட்டிட்டுப் போயிருவாங்களா தாயி?"

அதைப் பிரேமிளா கேட்டுவைக்கவில்லை. கடிதத்திலும் அது எழுதப்படவில்லை. முற்றத்தைப் பார்த்தாள்.

"அந்தக் காவலரின்ர சப்பாத்து இஞ்சதான் கிடக்குது அம்மா" என்றாள்.

மீனம்மா திரும்பிப் பார்த்தாள். பாடை இருந்த இடத்தருகே, கழுவுகிற தண்ணீர் ஓடிவரும் வழியில், இரண்டு கறுத்தச் சப்பாத்துகள் கயிறு அவிழ்ந்தபடி கிடந்தன. அவள் போய்க் குனிந்து அவற்றை எடுத்தாள், மண்ணைத் தட்டினாள், நனையாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சுவரோரம் வைத்தாள்.